024: வவுனியா எக்ஸ்சேஞ்சின் அன்றாடம்

வவுனியாவின் வரலாற்றை எழுத உட்காருகிறவர்கள் வன்னி மன்னன் பண்டாரவன்னியனில் தொடங்கி, குளங்களையும் குடியேற்றங்களையும் தொட்டு, ஏ9 வீதியில் வந்து நிற்பது வழக்கம். அந்த எழுத்துகளில் தொலைபேசி இரண்டு இடங்களில்தான் தலைகாட்டும். ஒன்று, இணைப்பு அறுந்துபோன நாள். மற்றது, அது திரும்பி வந்த நாள். இந்த இரண்டுக்கும் நடுவே எத்தனையோ சாதாரண நாள்கள் உண்டு. அந்த நாள்களில் யாரோ ஒருவர் காலையில் வந்து கதவைத் திறந்து, பற்றரியைப் பார்த்து, நேற்றைய பழுதுகளைப் பதிவேட்டில் எழுதி, ஊர் பேசுவதற்கு வழிசெய்துவிட்டுப் போனார். வவுனியாவில் தொலைத்தொடர்பு பிழைத்திருந்தது அந்த வேலையால்தான். அந்த வேலைக்குரிய இடம் வரலாற்றில் இன்னும் கொடுக்கப்படவில்லை.

கதை தந்திக் கம்பியில் தொடங்குகிறது. இலங்கையின் முதல் தந்தி இணைப்பு 1858 ஜனவரியில் கொழும்புக்கும் காலிக்கும் இடையே திறக்கப்பட்டது. அதே ஆண்டில் கம்பி மன்னார் வரை நீண்டு, கடலடிக் கேபிள் மூலம் இந்தியாவோடு இணைந்தது. அன்றைய வன்னி காடும் குளமும் காய்ச்சலுமாகக் கிடந்த நிலம். இன்றைய நகரம் ஆங்கிலேயரின் பதிவுகளில் ‘வவுனியா விளாங்குளம்’ என்ற பெயரோடு ஒரு சிறிய நிர்வாக இடமாக மட்டுமே தெரிகிறது. ஜே. பி. லூயிஸ் 1895இல் வெளியிட்ட வன்னி மாவட்டங்களின் கையேட்டைப் புரட்டினால், ஆள் குறைந்த ஊர்களும் தூர்ந்த குளங்களும்தான் பக்கத்துக்குப் பக்கம் வருகின்றன. அப்படிப்பட்ட இடத்தில் கம்பம் நடுவது ஒரு முறை செய்கிற வேலை. நட்ட கம்பத்தை மாரிக்குப் பின் நிமிர்த்துவதும், கம்பியில் சாய்ந்த கிளையை வெட்டுவதும் ஆண்டுதோறும் செய்ய வேண்டிய வேலை.

வடபகுதிப் புகையிரதப் பாதை 1905இல் முழுமையடைந்தபோது தண்டவாளத்தோடு கூடவே கம்பியும் போனது. ஒற்றைப் பாதையில் இரண்டு ரயில்கள் எதிரெதிரே வந்துவிடக் கூடாது என்பதற்காக, நிலைய அதிபர்கள் ‘ரப்லட்’ இயந்திரத்தின் மணியொலியால் ஒருவரோடொருவர் பேசிக்கொண்டார்கள். அடுத்த நிலையம் சம்மதித்தால்தான் இயந்திரம் தகட்டை விடும். அந்தத் தகடு கையில் இல்லாமல் சாரதி வண்டியை எடுக்க முடியாது. வவுனியா நிலையத்தில் மனிதர்கள் இரவும் பகலும் முறைவைத்துக் காவல் காத்த முதல் மின்தொடர்பு அநேகமாக இதுதான்.

நாட்டின் முதல் தொலைபேசி எக்ஸ்சேஞ்சை ஓரியண்டல் ரெலிபோன் கம்பனி 1880இல் கொழும்பில் திறந்தது. 1896இல் அரசு அதைப் பொறுப்பேற்றது. பின்னர் தபாலும் தந்தியும் தொலைபேசியும் ஒரே திணைக்களத்தின் கீழ் நெடுங்காலம் இயங்கின. சிறுநகரம் ஒன்றில் தொலைபேசி என்றால் கச்சேரி, பொலிஸ், ஆஸ்பத்திரி, ஒரு சில பெரிய கடைகள் என்று விரலில் எண்ணிவிடலாம். மற்றவர்களுக்குத் தபால் கந்தோர்தான் தொலைபேசி.

கைப்பலகை எக்ஸ்சேஞ்ச் எப்படி இயங்கியது என்பதைக் கொஞ்சம் நெருங்கிப் பார்க்க வேண்டும். பலகையில் ஒவ்வொரு சந்தாதாரருக்கும் ஒரு துளை. துளைக்கு மேலே ஒரு சிறு மூடி. யாராவது தன் கருவியின் கைப்பிடியைச் சுற்றினால் இங்கே அந்த மூடி ‘டக்’கென்று விழும். ஒப்பரேட்டர் ஒரு கயிற்றுச் செருகியை அந்தத் துளையில் குத்தி, “நம்பர்?” என்று கேட்பார். ஊருக்குள் என்றால் மறுமுனையை மற்றத் துளையில் குத்தி மணியடிப்பார். கொழும்பு என்றால் அது ட்ரங்க் கோல். பெயரும் நம்பரும் நேரமும் ஒரு துண்டில் ஏறும். அநுராதபுரம் வழியாகவோ வேறு வழியாகவோ லைன் கிடைக்கும்வரை அழைத்தவர் காத்திருப்பார். மூன்று நிமிடம் முடிந்ததும் ஒப்பரேட்டரின் குரல் இடையில் வரும். யார் வீட்டில் மரணம், யாருக்கு மாப்பிள்ளை பார்க்கிறார்கள், எந்தக் கடைக்கு எந்த லொறியில் சரக்கு வருகிறது என்பதெல்லாம் அந்தப் பலகைக்கு முன்னால் இருந்தவருக்குத் தெரியும். தெரிந்ததை வெளியே விடாமல் இருப்பதும் அந்த வேலையின் ஒரு பகுதி.

கண்ணுக்குப் படாத பகுதி பின்னறையில் இருந்தது. கைப்பிடிக் காலத்துக்குப் பின் வந்த பெரும்பாலான எக்ஸ்சேஞ்சுகள் 48 வோல்ற் நேர்மின்னோட்டத்தில் ஓடின. 2 வோல்ற் ஈயக் கலங்கள் 24ஐ வரிசையாக இணைத்தால் அந்த 48 வரும். நகரத்தின் மின்சாரம் போனாலும் தொலைபேசி உயிரோடிருந்ததன் இரகசியம் இதுதான். அந்தக் கலங்கள் தாமாகப் பிழைப்பவை அல்ல. தொழில்நுட்பவியலாளர் கண்ணாடிக் குழாய் ஒன்றை அமிலத்துக்குள் விட்டு அடர்த்தியை அளப்பார். அளவைப் பதிவேட்டில் எழுதுவார். வற்றியிருந்தால் காய்ச்சி வடித்த தண்ணீர் ஊற்றுவார். முனையில் பூத்த வெண்பொடியைத் துடைத்து வசலின் பூசுவார். ஒரு மாதம் இதைச் செய்யாமல் விட்டாலும் ஒன்றும் ஆகாது. மின்சாரம் போகும் அந்த ஒரு இரவில்தான், எந்தக் கலம் செத்துக் கிடக்கிறது என்பது தெரியவரும்.

அமெரிக்கர் அல்மன் ஸ்ட்ரோஜருக்கு 1891இல் காப்புரிமை கிடைத்த தானியங்கி முறை உலகெங்கும் ஒப்பரேட்டரின் கையை மெல்ல மெல்ல விடுவித்தது. இலங்கையின் சிறுநகரங்களுக்கு அந்த விடுதலை வெகு தாமதமாகவே வந்தது. வந்த இடங்களில் வேலை குறையவில்லை, வேறு உருவம் எடுத்தது. சுழலும் உலோகத் தொடுகைகளில் தூசி பிடிக்கும், துடைக்க வேண்டும். சந்தாதாரருக்கு ஒன்றாகச் சுவரில் வரிசைகட்டிய எண்மானிகளை மாதமுடிவில் புகைப்படம் எடுத்து, படத்திலிருந்து எண்களை வாசித்துப் பில் போட்டார்கள். அந்தப் படம் மங்கினால் மக்களின் கணக்கு மங்கும். ஐப்பசி, கார்த்திகையில் வன்னிக்கு மேலே இடி இறங்கும்போது, கம்பிகள் வந்து சேரும் இரும்புச் சட்டத்தில் காப்புருகிகள் கொத்துக்கொத்தாக எரியும். மழை விட்டதும் ஒவ்வொன்றாக மாற்றுவார்கள்.

1980இல் தொலைத்தொடர்பு தபாலிலிருந்து பிரிந்து தனித் திணைக்களமானது. 1991ஆம் ஆண்டின் 25ஆம் இலக்கச் சட்டம் அதைக் கூட்டுத்தாபனமாக்கியது. அதுவே பிறகு கம்பனியாகி, 1997இல் ஜப்பானின் என்ரிரி ஏறத்தாழ 35 வீதப் பங்கை வாங்கியது. கொழும்பில் செல்டெல் 1989இலேயே கைபேசியை ஆரம்பித்திருந்தது. இவையெல்லாம் நாட்டின் ஒரு பாதிக்குப் பொருந்தும் தேதிகள். வவுனியாவுக்கு வடக்கே காலண்டர் வேறு.

1990 ஜூனில் போர் மீண்டும் மூண்டது. யாழ்தேவி ரயில் வவுனியாவோடு நின்றது. அதன் பிறகு வந்த ஆண்டுகளில் வன்னிப் பெருநிலத்தின் பெரும்பகுதியில் பொதுமக்களுக்குத் தொலைபேசி என்பதே இல்லாமல் போனது. பற்றரியும் எரிபொருளும் தடைசெய்யப்பட்ட அல்லது அளவுகட்டிய பொருள்களின் பட்டியலில் இருந்தன. சைக்கிளைக் கவிழ்த்து வைத்து, பின்சில்லைக் கையால் சுழற்றி, டைனமோவில் பிறந்த மின்சாரத்தில் ரேடியோவைப் பிடித்து பிபிசி தமிழோசை கேட்டார்கள். ஒருவர் சுற்ற, பத்துப் பேர் கேட்பார்கள். சுற்றுபவர் களைத்தால் செய்தியாளரின் குரல் கரையும். அடுத்தவர் கைமாறுவார்.

இந்த வெறுமையின் தெற்கு ஓரத்தில்தான் வவுனியா நின்றது. கடைசிப் புகையிரத நிலையமும் அதுதான், கடைசி எக்ஸ்சேஞ்சும் அதுதான். நகரத்தின் வீதிகளில் கொமினிகேசன் என்ற பெயரில் தொலைபேசிக் கடைகள் முளைத்தன. கண்ணாடிக் கூண்டு ஒன்று, உள்ளே ஒரு ஸ்டூல், மேசையில் விநாடியை எண்ணும் மீற்றர், வெளியே வாங்கில் வரிசையாகக் காத்திருக்கும் தாய்மார். கிளிநொச்சியிலிருந்தோ மல்லாவியிலிருந்தோ ஒருவர் வெளிநாட்டில் இருக்கும் மகனோடு பேச வேண்டுமானால் திட்டம் வாரக்கணக்கில் முன்னே தொடங்க வேண்டும். வன்னிக்குள் தபால் ஓடிக்கொண்டிருந்தது. “இன்ன தேதியில் வவுனியாவில் நிற்பேன், இந்த நம்பருக்கு எடு” என்று கடிதம் போகும். அந்தத் தேதிக்குப் பயண அனுமதிப் பாஸ் கிடைக்க வேண்டும், சோதனைச்சாவடி திறந்திருக்க வேண்டும். 1999இன் இறுதியில் முன்னரங்கு மாறிய பிறகு பிரமனாலங்குளம் வழியாகச் சுற்றி வர வேண்டியிருந்தது. வந்தால் லொட்ஜில் ஓர் இரவு. மறுநாள் கொமினிகேசனில் இருப்பு. மறுமுனையில் ஸ்காபரோவிலோ பாரிஸ் லாஷப்பலிலோ வாங்கிய தொலைபேசி அட்டையைச் சுரண்டி, நீண்ட இலக்கங்களை அழுத்திக்கொண்டிருப்பார் மகன். லைன் கிடைத்ததும் கடைக்காரர் பெயரைச் சொல்லிக் கூப்பிடுவார். பெயர் கேட்டு எழும்பியவருக்குச் சில நேரம் கால்கள் நடுங்கும்.

கொமினிகேசன் கடைக்காரர் செய்தது பழைய ஒப்பரேட்டரின் வேலைதான். யாருக்கு எத்தனை மணிக்குக் கோல் என்று கொப்பியில் எழுதினார். பூந்தோட்டம், நெளுக்குளம், சிதம்பரபுரம் நலன்புரி முகாம்களில் இருப்பவர்களுக்குச் சைக்கிளில் ஆள் அனுப்பிச் சொன்னார். வராதவருக்காக, “அரை மணித்தியாலம் கழித்து எடுங்கோ” என்று கடல்கடந்தவரிடம் தானே பேசினார். அந்தக் கொப்பிகள் ஒன்றிரண்டாவது எங்காவது பரணில் கிடந்தால், அவை சுவடிக்கூடத்தில் இருக்க வேண்டியவை. போர்க்கால வன்னியின் உறவுமுறை எப்படி உயிரோடு இருந்தது என்பதற்கு அவற்றைவிட நல்ல சான்று கிடைக்காது.

கம்பி எட்டாத இடத்தில் செஞ்சிலுவைச் சர்வதேசக் குழு கடிதம் கொண்டுபோனது. செஞ்சிலுவைச் செய்தி என்பது திறந்த படிவம். உறையில்லை, குடும்பச் செய்தி மட்டுமே எழுதலாம். நலம், பிறப்பு, இறப்பு, இடமாற்றம் என்று சில வரிகள். வவுனியாவில் அந்தக் குழுவுக்கு அலுவலகம் இருந்தது. தொழில்நுட்பம் எதுவுமில்லாத இந்த வலையமைப்பும் முகவரிப் பட்டியலைப் பிழையில்லாமல் வைத்திருந்ததால்தான் இயங்கியது.

2002 பெப்ரவரி 22இல் போர்நிறுத்த உடன்படிக்கை. ஏப்ரலில் ஏ9 திறந்தது. வடக்கில் கைபேசிக் கோபுரங்கள் எழுந்தன, யாழ்ப்பாணம் டயலொக் கம்பனியின் வலைக்குள் வந்தது. நாட்டின் இலக்கங்கள் நீண்டன. 024 என்ற வவுனியாக் குறியீட்டுக்குப் பிறகு எந்தக் கம்பனி என்பதைக் காட்டும் ஓர் இலக்கமும் சேர்ந்தது, ஸ்ரீலங்கா டெலிகொமுக்கு 2. 2005இலிருந்து கம்பியில்லா சிடிஎம்ஏ தொலைபேசிகள் வந்தபோது கம்பம் போகாத கிராமங்களில்கூட மேசையில் ஒரு போன் இருந்தது. நெற்காணி நடுவே இருக்கும் வீட்டுக்கு அது பெரிய வரம்.

ஆனால் 2006 ஓகஸ்டில் ஏ9 பாதை மூடியது. தொலைபேசி மீண்டும் சந்தேகத்துக்குரிய பொருளானது. சிடிஎம்ஏ கருவியைப் பதிவுசெய்த வீட்டைவிட்டு வெளியே கொண்டுபோகக் கூடாது, சிம் தன்னுடையது என்று காட்டும் தாளைச் சட்டைப் பையில் வைத்திருக்க வேண்டும் என்று கட்டுப்பாடுகள் வந்தன. வடக்கில் மோதல் கடுமையான நாள்களில் சேவை நின்றுபோகும், பிறகு வரும்.

2009இல் போரின் இறுதியில் செட்டிகுளம் மெனிக்பாம் முகாம்களில் இரண்டு இலட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் அடைபட்டபோது, அவர்கள் கேட்டது சோற்றுக்கு அடுத்தபடியாக ஒன்றுதான்: மற்றவர்கள் எங்கே? ஒரு குடும்பத்தின் ஆள்கள் வெவ்வேறு வலயங்களில், ஆஸ்பத்திரிகளில், தடுப்பில் சிதறிக் கிடந்தார்கள். அந்த மாதங்களில் வவுனியாவில் எந்த வீட்டின் போன் ஒலித்தாலும் மறுமுனையில் ஒரு பெயரைக் கேட்டு ஒரு குரல் இருந்தது.

போருக்குப் பிறகு பாதைகள் வடக்கே நகர்ந்தன. ரயில் 2011இல் ஓமந்தைக்கும், 2013இல் கிளிநொச்சிக்கும், 2014 ஒக்ரோபரில் யாழ்ப்பாணத்துக்கும் திரும்பியது. ஏறத்தாழ அதே காலத்தில், ஓசையில்லாமல், எக்ஸ்சேஞ்சுக்குள்ளேயே பெரிய மாற்றம் நடந்தது. குரல் தரவாகியது. வீதியோரப் பெட்டிகள் கம்பியில் வரும் பேச்சைப் பொட்டலங்களாக்கி நார்க்கேபிளில் அனுப்பின. எந்த அழைப்பு எங்கே போக வேண்டும் என்று தீர்மானிக்கும் மூளை வவுனியாவில் இருக்க வேண்டிய கட்டாயம் நீங்கியது. அது தொலைவில் ஒரு சேர்வரில் இருக்கலாம். அழைப்பைத் தொடங்கவும் முடிக்கவும் கருவிகள் பேசிக்கொள்ளும் சிப் என்ற நெறிமுறை 1999இல் முதன்முதலாக வெளியானது. அதே ஆண்டில் அலபாமாவில் மார்க் ஸ்பென்சர் என்ற இளைஞர் தன் சிறு நிறுவனத்துக்குத் தொலைபேசி அமைப்பு வாங்கப் பணமில்லாமல், அஸ்ரெரிஸ்க் என்ற மென்பொருளைத் தானே எழுதித் திறந்துவிட்டார். இன்று ஒரு சாதாரணக் கணினியை அலுவலக எக்ஸ்சேஞ்சாக்க முடிவது அந்த வழியில் வந்தது.

இந்த ஏற்பாட்டில் அழைப்பைத் திருப்பிவிடுவது, குரல்தகவல் வாங்குவது, “தமிழுக்கு இரண்டை அழுத்துங்கள்” என்று சொல்வது, எல்லாம் அப்ளிகேஷன் சேர்வர் எனப்படும் கணினியின் பொறுப்பு. அதைப் பராமரிக்கிறவரின் காலை கைப்பலகைக்காரரின் காலையிலிருந்து அதிகம் விலகியதல்ல. வெளி லைன்கள் பதிவாகி நிற்கின்றனவா என்று முதலில் பார்க்கிறார். வன்தட்டு எவ்வளவு நிறைந்திருக்கிறது என்று பார்க்கிறார். பதிவேட்டுக் கோப்புகளும் உரையாடல் ஒலிப்பதிவுகளும் சேர்ந்து தட்டு நிறைந்தால், ஒரு நல்ல பகலில் சேவை அப்படியே நின்றுவிடும். இராத்திரி எடுத்த நகல் முழுமையாக வந்ததா, சான்றிதழ் எத்தனை நாளில் காலாவதி, கடிகாரம் சரியா என்று பார்க்கிறார். கடிகாரம் பிசகினால் பில் பிசகும். வேலையைவிட்டுப் போனவரின் இணைப்பை நீக்குகிறார், இல்லாவிட்டால் எங்கிருந்தோ ஒருவன் அந்தக் கடவுச்சொல்லைக் கண்டுபிடித்து இரவு முழுக்க வெளிநாட்டுக்கு எடுத்துத் தள்ளுவான். மென்பொருளைப் புதுப்பிப்பதை ஊர் உறங்கும் இரண்டு மணிக்கு வைத்துக்கொள்கிறார். புதுப்பித்த பிறகு தமிழ் ஒலிக்கோப்பு ஒன்று உரிய இடத்தில் இல்லையென்றால், சேர்வர் தன் பதிவேட்டில் ஒரு வரி எச்சரிக்கையை எழுதிவிட்டு மேலே போய்விடும். இரண்டை அழுத்திய பாட்டிக்கு ஒன்றும் கேட்காது. பதிவேட்டை வாசிக்கிறவர் தமிழ் தெரிந்தவராகவோ தமிழுக்குக் கவலைப்படுகிறவராகவோ இருந்தால்தான் அந்த வரி அவர் கண்ணில் படும்.

இது வெறும் வசதிப் பேச்சல்ல. 1990 என்ற தொலைபேசி இலக்கத்தில் இயங்கும் சுவசெரிய அம்புலன்ஸ் சேவை இந்திய நன்கொடையோடு 2016இல் மேல், தென் மாகாணங்களில் தொடங்கி, 2018 ஜூலையில் வடமாகாணத்துக்கு வந்தது. கனகராயன்குளத்தில் விபத்து நடந்து ஒருவர் 1990ஐ அழுத்தினால், அந்த அழைப்பை எடுப்பது கொழும்பில் உள்ள மையம். இடத்தைக் கேட்டு, அருகில் நிற்கும் வண்டியை அங்கிருந்தே அனுப்புகிறார்கள். எடுப்பவர் தமிழில் பேச வேண்டும், ‘புளியங்குளம்’ என்றால் எந்தப் புளியங்குளம் என்று கேட்கத் தெரிந்திருக்க வேண்டும். ஊர்ப் பெயர்களை ஊர்க்காரரே இணைத்த காலத்தில் இந்தச் சிக்கல் இருந்ததில்லை. எக்ஸ்சேஞ்ச் தொலைவுக்குப் போனபோது ஊரறிவும் கூடவே போய்ச் சேர்ந்ததா என்று கேட்கும் உரிமை வன்னிக்கு உண்டு.

கொவிட் காலத்தில் இன்னொரு பக்கமும் தெரிந்தது. யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் வவுனியா வளாகம், 2021 ஓகஸ்ட் 1ஆம் தேதி வவுனியாப் பல்கலைக்கழகமானது. அதற்கு முந்தைய ஆண்டு வகுப்பறைகள் பூட்டியிருந்தபோது, பல்கலைக்கழகங்களை இணைக்கும் ‘லேர்ன்’ வலையமைப்பு விரிவுரைகளுக்குச் சூம் வசதியைச் செய்துகொடுத்தது. தொலைபேசிக் கம்பனிகள் அந்தத் தரவுக்குக் கட்டணம் எடுக்காமல் விட்டன. 1990ஐ ஒட்டிய ஆண்டுகளில் மொறட்டுவையில் மின்னஞ்சல் பரிமாற்றமாகத் தொடங்கிய கல்வியாளர் வலையமைப்பு அது. கிளிநொச்சியின் உட்கிராமங்களில் சிக்னல் தேடி மேட்டுக்கும் மரத்தடிக்கும் போன மாணவர்கள் தங்கள் விரிவுரையைக் கேட்டது லேர்ன் செய்துகொடுத்த அந்த வசதி வழியாகத்தான்.

2022இன் பொருளாதார நெருக்கடியில், மார்ச் 31ஆம் தேதி நாடெங்கும் 13 மணித்தியாலம் மின்வெட்டு. வவுனியாவிலும் கடைகள் பகலிலேயே இருண்டன. கைபேசிக் கோபுரத்தின் பற்றரி ஒரு சில மணித்தியாலம்தான் தாங்கும், அதன்பின் ஜெனரேற்றர் ஓட வேண்டும். ஜெனரேற்றருக்கு டீசல் வேண்டும், டீசலுக்கு அந்த நாள்களில் மைல் கணக்கில் வரிசை. சேவை தடைப்படலாம் என்று கம்பனிகள் முன்கூட்டியே அறிவித்தன. பல கோபுரங்களின் பற்றரி நிலையை இப்போது யாரும் கண்ணாடிக் குழாயால் அளப்பதில்லை, வோல்ற் குறைந்தால் கட்டுப்பாட்டு மையத்தின் திரையில் சிவப்பாக ஒரு வரி வருகிறது. அந்த வரியைப் பார்த்தவர் தொலைபேசியில் வட்டாரத் தொழில்நுட்பவியலாளரை எழுப்புவார். அவர் கானில் டீசலோடு காட்டுப்பாதையில் மோட்டார் சைக்கிளை எடுப்பார்.